இருபத்தைந்து டாலர் போர்வை

போர்வையைப் பற்றி எழுத என்ன இருக்கு, அதுவும் இந்தப் பத்திரிகையில, என்று தோழர்கள் கேட்கலாம். நானும் அப்படிக் கேட்டவள்தான். ஒட்டுத்துணிகளைச் சேர்த்துத் தைத்த போர்வையை அமெரிக்காவில் குவில்ட் என்கிறார்கள். மேலே ஒட்டுத்துணி, நடுவில் பஞ்சு, அடியில் ஒரு முழுத்துணி. மூன்றையும் சேர்த்து ஓட்டுத்தையல் போட்டால் குவில்ட். இதைச் சுவரில் மாட்டுகிறார்கள், மியூசியத்தில் வைக்கிறார்கள், ஆயிரக்கணக்கில் டாலர் கொடுத்து வாங்குகிறார்கள் என்று முதலில் கேள்விப்பட்டபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. எங்க தெருவில் பழஞ்சேலையை மடிச்சுத் தச்ச விரிப்பு வீட்டுக்கு நாலு கிடக்கும். மழைக்காலத்தில் நாறும்.

நான் நர்ஸ். விருதுநகர்ப் பக்கத்துச் சேரியில் பிறந்தவள். இப்போது கலிபோர்னியாவில், ஓக்லாந்துக்குப் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. கூட வேலை பார்க்கும் கறுப்பினத் தோழி ஒருத்திதான் தன்னுடைய தையல் குழுவுக்கு என்னைக் கூட்டிப் போனாள். மாசத்தில் ஒரு சனிக்கிழமை, ஒரு சர்ச் ஹாலில் கூடுவார்கள். முப்பது பேர் இருக்கும், பெரும்பாலும் அறுபது தாண்டியவர்கள். அமெரிக்கா வந்த இத்தனை வருஷத்தில் 'உங்களுக்குச் சொந்த ஊர் எது, ஊருக்குள்ள எந்தத் தெரு' என்று கேட்காத கூட்டம் எனக்கு அதுதான். தமிழ்ச் சங்கத்தில் இட்லிக்கு முன்னாலேயே அந்தக் கேள்வி வந்துவிடும்.

கூட்டத்தில் எனக்குப் பிடித்தது தைப்பது அல்ல, காட்டுவது. தைத்து முடித்ததை எடுத்துக்கொண்டு ஒருத்தர் முன்னால் வருவார். இரண்டு பேர் இரண்டு மூலையைப் பிடித்துத் தூக்குவார்கள். தைத்தவர் பின்னால் மறைந்துவிடுவார், ஆளுடைய செருப்பு மட்டும் தெரியும். ஒரு நிமிஷம் யாரும் பேச மாட்டார்கள். அப்புறம் எங்கிருந்தோ 'ம்ம்ம்ம்' என்று ஒரு குரல் வரும், பிரசங்கம் கேட்கிற மாதிரி. இந்த 'ம்ம்ம்'க்காகவே நான் லீவு போட்டுப் போயிருக்கிறேன்.

பார்த்துப் பார்த்து ஆசை வந்தது. தைக்க எனக்குப் பொறுமை இல்லை, வாங்கலாம் என்று தோன்றியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய சாமான் சந்தையில் ஒன்று கிடைத்தது. பழுப்பு நிற வேலைக் கால்சட்டைத் துணி, நடுநடுவே ரத்தச் சிவப்பில் பாலியஸ்டர் பட்டை. ஒரு பட்டைகூட நேராக இல்லை. முழங்கால் இருந்த இடத்தில் துணி வெளுத்து, அதன்மேல் இன்னொரு ஒட்டு. அந்தக் கோணல் பட்டைகள் ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்தால் தப்புத்தாளம் கேட்கிற மாதிரி உடம்பு ஆடும். வெள்ளைக்கார வியாபாரி நாற்பது டாலர் சொன்னார். பேரம் பேசி இருபத்தைந்துக்கு முடித்தேன்.

அடுத்த கூட்டத்துக்குத் தூக்கிக்கொண்டு போனேன். குழுவிலேயே மூத்தவர் ஒரு அம்மா. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ரிச்மண்ட் கப்பல் தளங்களில் வேலைக்கென்று தெற்கிலிருந்து ஆயிரக்கணக்கில் கறுப்பர்கள் வந்தார்களே, அப்படி வந்த குடும்பம். மனசுக்குள் நான் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவேன். அவர் என் போர்வையின் முகத்தைப் பார்க்கவில்லை, முதலில் முதுகைத்தான் புரட்டினார்.

"யாரு தச்சது?"

"தெரியலைங்கம்மா."

"வித்தவர்கிட்டக் கேட்டியா?"

"கேக்கல."

"எவ்வளவு குடுத்தே?"

நாற்பது சொன்னதை இருபத்தைந்துக்குக் குறைத்தேன் என்று பெருமையாகச் சொன்னேன். அந்த இடத்தில் 'ம்ம்ம்' வரவில்லை. பெரியம்மா போர்வையை மடித்து என் கையில் கொடுத்துவிட்டு ஹாரியட் பவர்ஸ் கதையைச் சொன்னார். திட்டியிருந்தால் பரவாயில்லை.

ஹாரியட் பவர்ஸ் 1837இல் ஜார்ஜியாவில் அடிமையாகப் பிறந்தவர். பைபிள் கதைகளைத் துணியில் வெட்டி ஒட்டி ஒரு குவில்ட் செய்தார். 1886இல் ஏதென்ஸ் ஊரில் பருத்திக் கண்காட்சியில் அதைப் பார்த்த ஜென்னி ஸ்மித் என்ற வெள்ளைக்கார ஓவிய ஆசிரியை விலைக்குக் கேட்டார். பவர்ஸ் தர மறுத்தார். சில வருஷத்தில் குடும்பத்தில் கஷ்டம் வந்தது. 1891 வாக்கில் பத்து டாலருக்குக் கொடுக்கலாமென்று போனார். கிடைத்தது ஐந்து. கொடுக்கும் முன்னால் ஒவ்வொரு கட்டத்திலும் என்ன கதை இருக்கிறது என்று சொன்னார். ஸ்மித் எழுதி வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகும் தன் போர்வையைப் பார்க்க ஸ்மித் வீட்டுக்குப் பல தடவை போய் வந்திருக்கிறார் பவர்ஸ். இன்று அது வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் மியூசியத்தில் இருக்கிறது.

"அஞ்சு டாலர் குடுத்தவளாவது பேரை எழுதி வச்சா" என்றார் பெரியம்மா.

அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. காரணம் அந்த இருபத்தைந்து டாலர் மட்டும் இல்லை. 1993இல் நர்சிங் படிக்க ஹாஸ்டலுக்குப் போனபோது எங்கம்மா ஒரு விரிப்பு தைத்துக் கொடுத்தாள். அவளுடைய கிழிந்த சேலைகள், அத்தோடு அவள் களை எடுக்கப் போகும் முதலாளி வீட்டில் கொடுத்த பழசு. அந்த வீட்டுப் பெண்ணும் அதே ஹாஸ்டலில் வந்து சேர்ந்தாள். ஒருநாள் என் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, பச்சைக் கரையைத் தொட்டுப் பார்த்து, "இது எங்கம்மா சேலைல்ல" என்றாள். கேலியாகக்கூடச் சொல்லவில்லை. சும்மாதான் சொன்னாள். அறை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அந்த லீவுக்கு ஊருக்குப் போகும்போது விரிப்பைச் சுருட்டி எடுத்துப்போய் பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் விட்டுவிட்டு பஸ் ஏறிவிட்டேன். அம்மாவிடம் திருடு போச்சு என்றேன். "போனாப் போகுது தாயி, கந்தல்தான, வேற தச்சுத் தாரேன்" என்றாள்.

2021இல் பெர்க்லி மியூசியத்தில் ரோஸி லீ டாம்ப்கின்ஸ் கண்காட்சிக்குப் போனேன். 2020 பிப்ரவரியில் தொடங்கி, கொரோனாவால் மூடி, மறுபடி திறந்திருந்தார்கள். டாம்ப்கின்ஸ் 1936இல் ஆர்கன்சாவில் பிறந்து ரிச்மண்டில் வாழ்ந்து 2006இல் இறந்தவர். அவரும் என்னைப் போல முதியோர் நர்சிங் இல்லங்களில் வேலை பார்த்தவர் என்று தெரிந்ததும் நெஞ்சு அடித்துக்கொண்டது. வெல்வெட், பாலியஸ்டர், மினுமினுப்புத் துணி, போலி ரோமம், எது கிடைத்தாலும் சேர்த்திருக்கிறார். சதுரம் என்று தொடங்கும், சதுரமாக முடியாது. கருநீல வெல்வெட்டுக்குப் பக்கத்தில் ஆரஞ்சு. அந்த ஆரஞ்சை அங்கே வைக்க ஒரு துணிச்சல் வேண்டும். ஒரு போர்வைக்கு முன்னால் அரைமணி நேரம் நின்றிருப்பேன். காவலர் வந்து, "அம்மா, நாற்காலி வேணுமா?" என்று கேட்டார்.

டாம்ப்கின்ஸ் என்பது அவருடைய சொந்தப் பெயர் இல்லை. எஃபி மே ஹோவர்டு என்பதுதான் பெயர். ஆள் தொல்லை வேண்டாம் என்று இன்னொரு பெயரில் இருந்தார். பல போர்வைகளில் மேல்துணியை அவர் சேர்க்க, பஞ்சு வைத்து ஓட்டுத்தையல் போட்டவர் வேறொருவர், ஐரீன் பேங்க்ஹெட் போல. அந்தப் பெயரும் போர்வைக்குப் பக்கத்தில் இருந்தது. இதையெல்லாம் சேர்த்தவர் ஈலை லியான் என்ற வெள்ளைக்கார மனநல ஆலோசகர். ஓக்லாந்து வீட்டில் கறுப்பினத்தவர் தைத்த குவில்ட்டுகளைச் சுமார் 3000 வரை சேர்த்து, 2018இல் இறந்தபோது அந்த மியூசியத்துக்கே எழுதி வைத்தார். அவர் சேர்க்காவிட்டால் நான் பார்த்திருக்கவே முடியாது. இதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆனாலும் ஒரு சேரி முழுவதின் கைவேலையும் ஒரே ஆளின் வீட்டில் இருப்பதை நினைத்தால் எனக்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது.

அலபாமாவில் ஜீஸ் பெண்ட் என்ற ஊர். மூன்று பக்கமும் ஆறு. பெரும்பாலோருக்குப் பெட்வே என்று பெயர், அது அவர்களுடைய முன்னோரை அடிமையாக வைத்திருந்தவனின் பெயர். கறுப்பர்கள் ஓட்டுரிமை கேட்டுப் பதியத் தொடங்கியதும் 1962இல் ஊருக்கான படகை நிறுத்தினார்கள். மறுபடி படகு விட்டது 2006இல். பொதுப்பாதையில் முள் வெட்டிப் போட்டதைப் பார்த்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்த ஊரில் மிசூரி பெட்வே 1942இல் செத்துப்போன புருஷனின் வேலைத்துணிகளைக் கிழித்து ஒரு போர்வை தைத்தார், அதைப் போர்த்திக்கொண்டு படுப்பதற்காக. வில்லியம் ஆர்னெட் என்ற சேகரிப்பாளர் 1998இல் வந்து ஊர்ப் போர்வைகளை வாங்க ஆரம்பித்தார். 2002இல் அவை நியூயார்க் விட்னி மியூசியத்தில் தொங்கின. 2006இல் தபால்தலையிலும் வந்தன. 2007இல் ஆனி மே யங், லொரெட்டா பெட்வே முதலான பெண்கள், எங்களுக்குச் சேர வேண்டியது சேரவில்லை என்று வழக்குப் போட்டார்கள். 2008இல் சமரசமாக முடிந்தது. இதில் யார் பக்கம் நியாயம் என்று எங்கள் குழுவில் இரண்டு கட்சி உண்டு. 'அவரு வராட்டி எலி தின்னிருக்கும்' என்பது ஒரு கட்சி. 'எலி தின்னாலும் அது எங்க எலி' என்பது இன்னொன்று. நான் இரண்டு பக்கமும் மாறி மாறி உட்கார்ந்திருக்கிறேன்.

கறுப்பர் வேறு, நாம் வேறு. இதையும் சொல்லியாக வேண்டும். அவர்கள் விலங்கோடு இறக்கப்பட்டவர்களின் பேத்திகள். நான் விசாவோடு விமானத்தில் வந்து இறங்கியவள், சம்பளக்காரி. அந்த ஹாலில் நான் வாங்குகிற ஆள். 'நாமெல்லாம் ஒண்ணுதானே' என்று சொல்லி விலை குறைக்கிற உரிமை எனக்குக் கிடையாது.

இப்போது என்னிடம் பதினொரு போர்வைகள் இருக்கின்றன. மடித்தால் மடிப்பில் துணி இற்றுப்போகும் என்பதால் சுருட்டி, பருத்தி உறையில் போட்டு, வெயில் படாமல் வைக்கிறேன். பத்தை, தைத்தவர் கையிலிருந்தே, கேட்ட விலைக்கு வாங்கினேன். ஒவ்வொன்றின் முதுகிலும் துணித் துண்டில் பெயர், ஊர், வருஷம், எந்தத் துணி யாருடையது என்று எழுதித் தைத்திருக்கிறது. பதினோராவது அந்தச் சந்தைப் போர்வை. அதன் முதுகில் நானே எழுதித் தைத்தேன்: 'தைத்தவர் பெயர் கேட்கப்படவில்லை. 25 டாலர்.'

போன மாசம் அம்மாவுக்குப் போன் போட்டேன். பஸ் ஸ்டாண்டு விஷயத்தைச் சொல்லத்தான் போட்டேன். சொல்ல வரவில்லை. அதற்குப் பதிலாக, "எனக்கு ஒரு விரிப்பு தச்சுத் தருவியாம்மா?" என்றேன்.

"கண்ணு தெரியல தாயி. ஊசியில நூலு கோக்கவே ஒரு ஆளு வேணும். அங்க குளிருக்குக் கம்பளி வாங்கிக்க வேண்டியதுதான?"

இங்கே இதைச் சுவரில் மாட்டுவார்கள் என்றேன். எவ்வளவு விலை என்று கேட்டாள். ஒரு தொகை சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை, லைன் போய்விட்டது என்று நினைத்தேன். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"பக்கத்து வீட்டுச் சின்னம்மாகிட்ட நாலு கெடக்கு. கீழ வீட்டு மதினிகிட்ட ரெண்டு. எல்லாம் நல்ல தையலு. நீ என்ன வெலைக்கு எடுப்பே?"

டூட்டிக்கு நேரமாச்சு என்று போனை வைத்தேன். அதற்கப்புறம் இரண்டு தடவை பேசிவிட்டோம். அவள் மறக்கவில்லை, ஒவ்வொரு தடவையும் கேட்கிறாள்.