தாத்தாவின் காமிரா

(பதினோராம் வகுப்பு மாணவி)

எங்கள் ஊர் சிறுவாச்சூர். திங்கட்கிழமையும் வெள்ளிக்கிழமையும் நடை திறக்கும் மதுரகாளியம்மன் கோயிலால் தோழியர் பலரும் எங்கள் ஊரை அறிந்திருப்பீர்கள். சென்ற ஆண்டு அக்கோயில் வாசலில் என் சித்தி மகனுக்குக் காது குத்தினார்கள். தாத்தா தம்முடைய பழைய மினோல்டா காமிராவைக் கொண்டு வந்து 36 படங்களையும் தாமே எடுத்தார்.

பிலிமைச் சென்னைக்கு அனுப்பிக் கழுவி வாங்கினோம். அத்தனை படங்களும் இருண்டு கிடந்தன. "மாமாவுக்குக் கண் மங்கிவிட்டது" என்றார் சித்தப்பா. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். தாத்தா ஒன்றும் பேசவில்லை. காமிராவைத் துணியில் சுற்றிப் பீரோவில் வைத்தவர், பிறகு அதைத் தொடவேயில்லை.

அரையாண்டு விடுமுறையில் அந்தக் காமிராவைப் பெரம்பலூரில் ஒரு ஸ்டூடியோக்கார மாமாவிடம் கொண்டு போனேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "இதற்கு யார் பாட்டரி வாங்கினது?" என்பதுதான். வாங்கியவள் நான்!

காமிராவுக்குள் வெளிச்சத்தை அளக்கும் ஒளிமானி ஒன்று உண்டு. ஒளி படும்போது அதிலுள்ள காட்மியம் சல்பைடு வழியே மின்சாரம் கூடும், ஊசி நகரும். அந்தக் காலத்தில் இதற்குப் பாதரச பாட்டரி போட்டார்கள். அதன் அழுத்தம் 1.35 வோல்ட், தீரும்வரை மாறாது. நான் வாங்கியதோ 1.5 வோல்ட். ஆகவே இருக்கும் வெளிச்சத்தைவிட அதிகமாக ஊசி காட்டியது. தாத்தா அதை நம்பித் துவாரத்தைச் சுருக்கினார், படம் இருண்டது.

பாதரச பாட்டரி இன்று கடையில் கிடையாது. அது நல்லதற்கே. ஜப்பானில் மினமாட்டா என்னும் ஊரில் ஆலைக் கழிவிலிருந்த பாதரசம் மீன் வழியாக மக்களின் உடலில் சேர்ந்து பெருந்துன்பம் விளைவித்தது. அவ்வூர்ப் பெயரால் 2013-இல் உலக நாடுகள் ஓர் உடன்படிக்கை செய்தன. 2018-இல் இந்தியாவும் அதை ஏற்றது. நம் கொடைக்கானலிலும் பாதரச வெப்பமானித் தொழிற்சாலை ஒன்று, கழிவு வெளியே கொட்டப்பட்டது தெரிந்தபின் 2001-இல் மூடப்பட்டது.

"வேறு வழி இல்லையா மாமா?" என்றேன். "காது கேட்கும் கருவிக்குப் போடும் 675 எண் பாட்டரி இருந்தால் கொண்டு வா" என்றார். எனக்கு வியப்பாகிவிட்டது. தாத்தாவின் காதுக் கருவிக்கு வாங்குவதும் அதே எண்தான்! அது துத்தநாகமும் காற்றும் சேர்ந்து இயங்கும் பாட்டரி. மேலே ஒட்டியுள்ள தாளைப் பிரித்தால் காற்று புகும், ஏறக்குறைய 1.4 வோல்ட் சீராகத் தரும். சில மாதங்களில் தீர்ந்துவிடும் என்பதே குறை. அளவில் சிறியதாகையால் சுற்றிலும் ஒரு ரப்பர் வளையம் வைத்துப் பொருத்தினார்.

அத்துடன் அவர் விடவில்லை. தம்முடைய கை ஒளிமானியால் வெயிலிலும் நிழலிலும் விளக்கொளியிலும் ஒரே சுவரை அளந்து ஒப்பிட்டார். "கருவி எதுவும் இல்லையென்றால் சூரியனே அளவுகோல்" என்று ஒரு விதியும் சொல்லித் தந்தார். நல்ல வெயிலில், 100 வேகமுள்ள பிலிமுக்குத் துவாரம் 16, நேரம் 1/125 வினாடி. ஊசி இதனோடு ஒத்துப் போகவேண்டும். ஒத்துப் போயிற்று.

வீட்டுக்கு வந்து தாத்தாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "பாட்டரி வாங்கினது நான்தான். மன்னித்துவிடுங்கள் தாத்தா" என்றேன். அவர் காமிராவை வாங்கி மெல்லத் துடைத்தார். "எனக்கே கண் போய்விட்டது என்றுதான் நினைத்திருந்தேன், பாப்பா" என்றார்.

நாங்கள் சிரித்த சிரிப்பை அவர் இத்தனை மாதமும் உண்மையென்றே நம்பியிருந்தார். அதை நினைக்கும்போது இன்றும் என் மனம் வருந்துகிறது.

பொங்கலன்று தாத்தா மறுபடியும் ஒரு சுருள் எடுத்தார். பாட்டி பொங்கல் பானையருகே நிற்கும் படத்தில் அவர் மூக்குத்தி மின்னுவதுகூடத் தெரிகிறது.

அன்புத் தோழியரே, ஒருவர்மேல் குறை சொல்லுமுன் நம் கையிலுள்ள அளவுகோல் சரிதானா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வோமாக.