முதுமையில் முதற் கப்பற் பயணம்

"முதன்முறையாகக் கப்பலேறப் போகிறோம், எந்தக் கப்பல் நல்லது?" என்று அறுபதைக் கடந்த அன்பர்கள் சிலர் எம்மிடம் வினவுவதுண்டு. விளம்பரப் படங்கள் இதற்கு விடை கூறா. தத்தம் முழங்காலைக் கேட்டறிவதே முறை. இவ்வுண்மையை நாங்கள் நைல் நதியில் கற்றோம்.

அலைகடலின் தலைசுற்றலுக்கு எம் துணைவியார் அஞ்சியமையால் ஆற்றுக் கப்பலைத் தேர்ந்தோம். திருக்குடும்பம் தஞ்சம் புகுந்த எகிப்து நாட்டைக் காணும் ஆவலும் உடனிருந்தது. லக்சர் நகரிலிருந்து அஸ்வான் வரை நான்கு இரவுப் பயணம். கப்பல் சற்றும் ஆடவில்லை. இரு கரையிலும் பேரீச்சை மரங்களும் கரும்பு வயல்களும் மெல்ல நகர்ந்தன. அவ்வகையில் எம் தேர்வு சரியே.

ஆயினும் ஒரு பிழை செய்தோம். கட்டணம் குறைவென்று அடித்தளத்து அறையை எடுத்தோம். அக்கப்பலில் மின்தூக்கி இல்லை. கரையிறங்குவதற்கும் மேல்தளம் செல்வதற்கும் ஒவ்வொரு முறையும் படியேற வேண்டியதாயிற்று. துறைகளில் கப்பல்கள் அடுத்தடுத்து அணைந்து நிற்பதால், பிற கப்பல்களின் ஊடே நடந்தே கரை சேர வேண்டும். எட்ஃபூவில் ஹோரஸ் கோயிலுக்குச் செல்லும் குதிரை வண்டியின் உயர்ந்த படியில் துணைவியாரால் கால்வைக்க இயலவில்லை. அவர் கப்பலிலேயே தங்கிவிட்டார். தனியே கோயிலைக் கண்டு திரும்பிய எமக்கு அதில் மகிழ்ச்சி இல்லை.

ஆகவே, பணம் செலுத்துமுன் கேட்டறிய வேண்டியவை இவை: மின்தூக்கி உண்டா? அறைக்கும் உணவுக்கூடத்துக்கும் இடையே எத்தனை படிகள்? மருத்துவர் உடன் வருவாரா? ஒவ்வோர் இடத்திலும் எவ்வளவு தொலைவு நடக்க வேண்டும்? கோடையில் அங்கு வெப்பம் 40 பாகையைத் தாண்டும். நவம்பர் முதல் பிப்ரவரி வரையே முதியோர்க்கு ஏற்ற காலம். மருந்துகளையும் மருத்துவர் சீட்டையும் கைப்பையிலேயே வைத்துக்கொள்க.

இறுதி நாளன்று பீலே கோயில். அணைநீரில் மூழ்கிக் கிடந்த அதனைக் கல் கல்லாகப் பிரித்து, அருகிலுள்ள அகில்கியா தீவில் மீண்டும் எழுப்பி, 1980-இல் திறந்தனர். அங்குச் செல்லச் சிறு படகேற வேண்டும். இம்முறை முதல் நாளே வழிகாட்டியிடம் எம் நிலையை எடுத்துரைத்தோம். படகோட்டிகள் இருவர் துணைவியாரைக் கைத்தாங்கலாக இறக்கிவிட்டனர்.

6-ஆம் நூற்றாண்டில் அக்கோயிலின் ஒரு பகுதி புனித முடியப்பர் ஆலயமாக விளங்கியது. அந்நாளைய கிறிஸ்தவர் கல்லிற் செதுக்கிய சிலுவைகள் இன்றும் உள்ளன. துணைவியார் அவற்றுள் ஒன்றைக் கண்டு, நெற்றியில் சிலுவை அடையாளமிட்டு, நெடுநேரம் நின்றார்.

எட்ஃபூவிலும் முன்னரே வாய்திறந்து கேட்டிருந்தால் அவரும் உடன் வந்திருப்பார். கேட்பதற்கு நாணாதீர்கள், அன்பர்களே!