நாற்பத்தாறு பேர்



பள்ளிச் சுற்றுலா போகும்போது பஸ் கிளம்புமுன் நான் ஏன் இரண்டு தடவை தலை எண்ணுவேன் என்று, இப்போது தோகாவில் வேலை பார்க்கும் ஒரு மாணவன் போன வாரம் போனில் கேட்டான். "கணக்கு வாத்தியாருக்கே கணக்குல சந்தேகமா சார்?" என்று அன்றைக்கு எல்லோரும் சிரிப்பார்களாம். சொந்தக்காரர்களுக்குத் தெரிந்த கதைதான். மாணவர்களிடம் நான் சொன்னதில்லை. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வாத்தியார் வேலைக்கு வருமுன் நான் குவைத்தில் இருந்தேன். பி.எட். முடித்துவிட்டு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து காத்திருந்த காலம். 1988-ல் சால்மியாவில் ஒரு கடையில் கணக்கு எழுதப் போனேன். ஒரு குவைத் தினாருக்கு அப்போது ஏறக்குறைய 50 ரூபாய். அக்கா கல்யாணக் கடனில் பாதி அடைந்திருந்தது.

1990 ஆகஸ்ட் 2, வியாழக்கிழமை. விடியுமுன்னே சத்தம். சிவகாசிக்குப் பக்கத்தில் பிறந்த நமக்கு வெடிச் சத்தம் புதிதா? தீபாவளிச் சத்தம் வேறு, ஆலை வெடித்தால் வரும் சத்தம் வேறு என்று சின்ன வயதிலேயே காதுக்குத் தெரியும். இது இரண்டும் இல்லை. மாடியில் ஏறிப் பார்த்தால் தூரத்தில் புகை. மத்தியானத்துக்குள் ஈராக் ராணுவம் ஊருக்குள் நின்றது.

போன் இல்லை, தபால் இல்லை. ரொட்டிக் கடையில் விடியுமுன்பே வரிசை. கையிலிருந்த தினாரின் மதிப்பு நாளுக்கு நாள் சரிந்தது. அப்போது குவைத்தில் இந்தியர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். வெளியுறவு அமைச்சர் ஐ.கே.குஜ்ரால் பாக்தாத் போய் சதாம் உசேனைப் பார்த்துப் பேசினார். இந்தியர்கள் கிளம்பலாம் என்றாயிற்று. ஆனால் குவைத்தில் இருந்து விமானம் கிடையாது. ஜோர்டானின் அம்மான் நகரம் வரை ரோட்டு வழியாகத்தான் போக வேண்டும். பாஸ்ரா, பாக்தாத், அப்புறம் பாலைவனம். மொத்தம் ஆயிரத்து ஐநூறு கிலோமீட்டருக்கு மேல். சாத்தூரிலிருந்து மெட்ராஸுக்குப் போய், திரும்பி வந்து, மறுபடியும் மெட்ராஸுக்குப் போனால் எவ்வளவு தூரமோ அவ்வளவு.

பெரிய சிக்கல் பாஸ்போர்ட். முக்கால்வாசிப் பேருக்கு அது முதலாளியின் பெட்டிக்குள் இருந்தது. முதலாளிகளில் பலர் நாட்டைவிட்டே போயிருந்தார்கள். எனக்கு அதிர்ஷ்டம், கடைச் சாவி மேனேஜரிடம் இருந்தது. பாஸ்போர்ட் இல்லாதவர்களுக்கு நம் தூதரகம் ஒரு தாளில் போட்டோ ஒட்டி, முத்திரை குத்திக் கொடுத்தது.

செப்டம்பர் முதல் வாரம் ஒரு பஸ் பேசினோம். ஆளுக்கு என் இரண்டு மாதச் சம்பளம். நாற்பத்தாறு பேர். மலையாளிகள், தெலுங்குக்காரர்கள், ஒரு கோவாக் குடும்பம், நாங்கள் தமிழர்கள் ஒன்பது பேர். "நீ பி.எட். படிச்சவன்தானே, பேரெழுதி வை" என்று என்னிடம் ஒரு நோட்டைக் கொடுத்தார்கள். என் வாழ்க்கையின் முதல் வருகைப் பதிவேடு அதுதான். பஸ் எங்கே நின்று கிளம்பினாலும் பெயர் வாசித்துத் தலை எண்ணுவது என் வேலை.

பாஸ்ராவைத் தாண்டியபின் ஒரு சோதனைச் சாவடி. ஏற்கெனவே மூன்று இடத்தில் இறக்கி ஏற்றியிருந்தார்கள். ரேடியோ, டேப்ரெக்கார்டர் எல்லாம் போய்விட்டது. இங்கே பைகளைத் தொடவில்லை, காகிதம் மட்டும் கேட்டார்கள். எங்களோடு ராமநாதபுரத்துக்காரர் ஒருவர், ஒரு வீட்டில் சமையல் வேலை பார்த்தவர், தூதரகத் தாளோடு வந்திருந்தார். அந்தத் தாள் செல்லாது என்று அவரைக் கீழே இறக்கிக்கொண்டு போய்விட்டார்கள். பஸ்ஸை எடு என்று டிரைவருக்குச் சைகை.

டிரைவர் ஈராக்கி, வயதானவர். இன்ஜினைப் போட்டார். நான் எண்ணினேன். நாற்பத்தைந்து. "ஒரு ஆள் குறைகிறது" என்று இந்தியில் சத்தமாகச் சொன்னேன். அதற்குமேல் என்ன செய்வது என்று எனக்குத் தெரியாது. துப்பாக்கியை வைத்துக்கொண்டு நிற்பவனிடம் என்ன பேச முடியும்?

முன் சீட்டில் ஒரு மலையாளத் தையல்காரர். அறுபது வயது இருக்கும். எதுவும் சொல்லாமல் எழுந்து இறங்கி, வெயிலில் போய் நின்றார். அவர் பின்னால் அவர் மருமகன். அப்புறம் ஒவ்வொருவராக இறங்கினார்கள். ஏழாவதோ எட்டாவதோ ஆளாக நானும் நோட்டோடு இறங்கினேன். கைக்குழந்தையோடு கோவாக்காரப் பெண்ணும் இறங்கிவிட்டார். யாரும் கோஷம் போடவில்லை, கெஞ்சவில்லை. சும்மா நின்றோம். நிழல் என்று சொல்ல அந்த பஸ்ஸின் நிழல்தான். டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு அந்த அதிகாரியிடம் போய் அரபியில் ஏதோ பேசினார். அரைமணி நேரம் இருக்கும். எனக்குக் கால் நடுங்கியது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

கடைசியில் அந்தத் தாளைச் சுருட்டி ராமநாதபுரத்துக்காரர் கையில் திணித்து, போ என்று தள்ளிவிட்டார்கள். எல்லோரும் ஏறினோம். எண்ணினேன், நாற்பத்தாறு. நம்பிக்கை வராமல் மறுபடியும் எண்ணினேன். அன்றைக்கு வந்த பழக்கம்தான் பிள்ளைகளே.

பாக்தாத்தில் டைகிரிஸ் ஆற்றைப் பார்த்தேன். இரு கரை தொட்டுத் தண்ணீர். நம் வைப்பாற்றின் மணலை நினைத்துக்கொண்டேன். அங்கே வேறு பஸ் மாறி எல்லைக்குப் போனோம். ஈராக் எல்லைக்கும் ஜோர்டான் எல்லைச் சாவடிக்கும் நடுவே வெறும் பாலைவனம். அதில் கண்ணுக்கெட்டிய தூரம் கூடாரங்கள். இந்தியர், வங்கதேசத்தார், இலங்கையர், பிலிப்பினோக்கள். பகலில் அடுப்பு, ராத்திரியில் குளிர். தண்ணீர் லாரி வந்தால்தான் தண்ணீர். எட்டு நாள் அங்கே கிடந்தோம். அங்கேயும் தினம் இரண்டு வேளை பெயர் வாசித்தேன்.

அம்மானில் இருந்து ஜம்போ விமானத்தில் பம்பாய். அந்த இரண்டு மாதத்தில் 488 விமானப் பயணங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுவந்தது நம் அரசு. 2016-ல் 'ஏர்லிஃப்ட்' என்று இந்தியில் படம் வந்தது. அதில் ஒரே கதாநாயகன். உண்மையில் மாத்துன்னி மாத்யூஸ் போல அங்கேயே வாழ்ந்த பலர் சேர்ந்து ஓடியாடி பஸ் பிடித்துக் கொடுத்தார்கள். விமானம் அம்மானில் இருந்துதான். அதுவரைக்குமான ரோடு, பக்கத்து சீட்டுக்காரரை நம்பி வந்த ரோடு.

பம்பாயிலிருந்து ரயிலில் மெட்ராஸ், அங்கிருந்து திருவள்ளுவர் பஸ். சாத்தூரில் இறங்கியபோது விடிகாலை. இங்கே என் அம்மா ஆகஸ்ட் 10, ஆடிக் கடைசி வெள்ளியன்று இருக்கன்குடிக்கு நடந்தே போய், மகன் திரும்பினால் தீச்சட்டி எடுப்பதாக நேர்ந்திருக்கிறார். அண்ணன் தீப்பெட்டி ஆபீஸ் வேலை முடிந்து தினமும் ராத்திரி தமிழோசை கேட்டிருக்கிறார். வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா என்னைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். "ஒண்ணும் குறையலையே?" என்றார். பணம் முழுவதும் போயிருந்தது. அதை அவர் கேட்கவில்லை.

பின்னால் ஐ.நா. இழப்பீட்டு ஆணையத்துக்கு விண்ணப்பம் போட்டேன். சில வருடம் கழித்துப் பணம் வந்தது. ஈராக் அந்தக் கணக்கையெல்லாம் கட்டி முடித்தது 2022-ல்தான். அதற்குள் நான் ஓய்வுபெறும் வயதை நெருங்கியிருந்தேன்.

வளைகுடாவில் இருக்கும் என் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. பாஸ்போர்ட் உங்கள் கையில் இருக்கட்டும். முதலாளி வாங்கி வைத்துக்கொள்வது அங்கே பல நாடுகளில் சட்டப்படியே குற்றம். ஒரு நகல் ஊரில் இருக்கட்டும். தூதரகத்தில் பெயரைப் பதியுங்கள். சிக்கல் என்றால் 'மதத்' இணையதளத்தில் புகார் செய்யலாம். அறையில் உடன் இருப்பவரின் ஊர், வீட்டு போன் நம்பர் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். உங்களுடையதையும் அவரிடம் கொடுங்கள்.

ராமநாதபுரத்துக்காரர் போன வருடம்வரை பொங்கலுக்கு போன் செய்துகொண்டிருந்தார். இந்தப் பொங்கலுக்கு அவர் மகன் பேசினான். அந்த நோட்டு என்னிடம் இன்னும் இருக்கிறது. நாற்பத்தாறு பேரில் யாராவது உங்களுக்குத் தெரிந்தவராக இருந்தால் சொல்லுங்கள். பேசவேண்டும்.

அன்புடன்,
உங்கள் கணக்கு சார், சாத்தூர்