மீன் தொட்டியின் மூடி

வீட்டில் மீன் வளர்க்க விரும்புவோர் தொட்டியைப் பற்றியும் மீன்களைப் பற்றியும் பலரிடம் விசாரிப்பர். மூடியைப் பற்றி விசாரிப்பவர் அரிது. நாங்களும் விசாரிக்கவில்லை. இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் உள்ள கண்ணாடித் தொட்டி ஒன்றை வாங்கிக் கூடத்தில் வைத்தோம். அதன்மேல் ஓர் அட்டையைப் போட்டு, இதுவே போதும் என்று இருந்துவிட்டோம்.

ஒருநாள் காலை எங்கள் இளைய மகன் தொட்டியருகே சென்றவன் பேச்சின்றி நின்றான். புத்தக அலமாரியின் காலருகே, அவன் மிகவும் நேசித்த நீலக் கௌராமி உலர்ந்து கிடந்தது. முந்தின இரவு தீனி போட்டபின் அட்டையைத் திரும்ப வைக்க மறந்தவன் அவனே. "நான்தாம்மா கொன்னுட்டேன்" என்று அழுதானே தவிர, எவருடைய சமாதானமும் அவனிடம் எடுபடவில்லை. ஈரத்தில் ஊறி வளைந்துபோன அட்டையை மூடியென்று நம்பி ஒரு சிறுவன் கையில் ஒப்படைத்தது பெரியவர்களாகிய எங்கள் குற்றம் அல்லவா? இதை அவனிடம் ஒப்புக்கொள்ள எங்களுக்கு இரண்டு நாள் பிடித்தது.

மீன்கள் விளையாட்டாகத் துள்ளுவதில்லை. மற்றொரு மீன் துரத்தினாலும், விளக்குத் திடீரென எரிந்து அணைந்தாலும், நீர் கெட்டாலும் அவை மேலே பாயும். ஆறுகளில் அப்படிப் பாய்ந்தால் மறுபடி நீரில்தான் விழும். எங்கள் கூடத்திலோ கீழே சிமெண்டுத் தரை.

பட்டபின் வந்த அறிவு அளவு கடந்து போயிற்று. கண்ணாடிக் கடையில் தொட்டியின் வாய்க்குச் சரியாக ஐந்து மில்லிமீட்டர் கண்ணாடி வெட்டி, ஓர் எறும்பும் நுழையாதபடி மூடினோம். பார்க்க அழகாகத்தான் இருந்தது. அக்ரிலிக் பலகையையும் கடைக்காரர் காட்டினார். அது இலேசானது, ஆனால் அடிப்புறம் ஈரத்தை உறிஞ்சி விரிய, மேற்புறம் உலர்ந்தே இருப்பதால் நாளடைவில் வளைந்துவிடும். அட்டையால் பட்ட பாடு போதும் என்று அதை விட்டோம்.

வந்தது மே மாதம். பாளையங்கோட்டை வெயிலை அறியாதவர்க்கு அதைச் சொல்லி விளக்க இயலாது. திறந்த நீரிலிருந்து ஆவி எழும்போது அது வெப்பத்தையும் உடன்கொண்டு செல்லும். மண்பானை நீர் குளிர்வதும் இதனால்தான். அந்த வழியை நாங்கள் அடைத்துவிட்டோம். போதாக்குறைக்கு ஒரு பிற்பகல் மின்சாரம் நின்று, காற்று மோட்டாரும் ஓய்ந்தது. வெப்பமானி 33 டிகிரி காட்டிற்று. இருபது டிகிரி நீர் லிட்டருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் பிராணவாயுவைக் கரைத்து வைத்திருக்கும். முப்பது டிகிரியில் அது ஏழரையாகக் குறைந்துவிடும். கோடு போட்ட ஸீப்ரா மீன்கள் மேற்பரப்பில் வாயைத் திறந்து திறந்து மூடின. இரண்டு மடிந்தன. வெளிக்காற்றையே நேராகச் சுவாசிக்கும் உறுப்பு படைத்த கௌராமிகள் தப்பின. எங்கள் வீட்டு ஆச்சி மூடியைத் தூக்கிச் சுவரோரம் சாய்த்துவிட்டு, "தண்ணிக்குள்ள கெடக்கதுக்கும் மூச்சு வேணும்லா?" என்றார்கள். பதில் சொல்ல எங்களுக்கு நாவெழவில்லை.

மூடியே வேண்டாம் என்றும் இருக்க முடியாது. வீட்டில் பல்லியும் உண்டு, பூனையும் உண்டு. திறந்த தொட்டியில் வாரத்திற்கு இரண்டு விரற்கடை நீர் வற்றும். வற்றுவது நீர் மட்டுமே; உப்பு தங்கிவிடும். ஆழ்குழாய் நீரையே மேலும் மேலும் ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போகும்.

இப்போது எங்கள் தொட்டியில் இருப்பது இரண்டு துண்டு மூடி. முழுக் கண்ணாடி இரண்டேகால் கிலோ எடை. சிறுவர் தூக்க ஏற்றதன்று. ஆகவே அதை முன்னும் பின்னுமாக வெட்டி, விளிம்புகளைக் கை கிழிக்காதபடி தேய்க்கச் சொன்னோம். முன்துண்டுக்குப் பிடி உண்டு. தொட்டியின் உட்சுவரில் சிறு கண்ணாடித் தாங்கிகளைச் சிலிக்கானால் ஒட்டி அவற்றின்மீது மூடியை அமர்த்தியதால், ஆவி துளியாகித் தொட்டிக்குள்ளேயே சொட்டுகிறது. காற்றுக் குழாய்க்காகப் பின்பக்கம் விட்ட மூன்று விரல் இடைவெளிக்கு நைலான் வலை. இந்த வலையில்தான் பலர் ஏமாறுகின்றனர்: மீனின் தலை நுழையும் கண்ணில் அதன் உடலும் நுழைந்துவிடக்கூடும். கோடை பிறந்ததும் முன்கண்ணாடியை எடுத்துவிட்டுச் சட்டமிட்ட வலையை வைக்கிறோம். வற்றும் நீரை அடிக்கடி ஈடு செய்வது அப்போது பெருந்தொல்லை. தொல்லைதான், என்ன செய்வது?

விளக்கு மூடியின் மேலேதான். அதன் கம்பியைப் பிளக்குக்குக் கீழே ஒருமுறை தொங்கவிட்டு மேலேற்றினால், வழியும் நீர் அங்கேயே சொட்டிவிடும். கண்ணாடியில் படியும் வெள்ளை உப்பை வினிகர் தொட்ட துணியால் துடைத்து நன்னீரில் அலசுகிறோம். சோப்பை அண்டவிடுவதில்லை. பூச்சாடி வைக்க இடம் தேடும் உறவினரிடம் மட்டும் சற்றுக் கண்டிப்பாக இருக்கவேண்டியிருக்கிறது.

நள்ளிரவில் சில வேளை வலையின்மேல் 'டப்' என்று ஓர் ஓசை கேட்கும். இளையவன் எழுந்து சென்று, கைவிளக்கைத் தரையில் அடித்துப் பார்ப்பான். பிறகு தொட்டியருகே நின்று மெல்ல எண்ணத் தொடங்குவான்.