மாமாவின் மோரிஸ்

போன வாரம் கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த தம்பி மகன், அலமாரிக் கதவைத் திறந்து அந்தப் பச்சைக் காரை எடுத்தான். கவிழ்த்துப் பார்த்தான். அடித்தகட்டில் இருந்ததைப் படித்துவிட்டு, "பெரியப்பா, இது டிங்கி! 40ஜி, மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு. இதைக் கிரேடிங்குக்கு அனுப்பலாமே?" என்றான். எங்கே அனுப்புவது என்று கேட்டேன். அமெரிக்காவுக்கு என்றான்.

அவன் சின்ன கார்கள் சேர்ப்பவன். பொறுமையாக எனக்கு விளக்கினான். ஜார்ஜியா மாநிலத்தில் ஏ.எஃப்.ஏ. என்ற நிறுவனம் இருக்கிறது. பொம்மையை அனுப்பினால் பெயின்ட், பெட்டி, ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் எல்லாவற்றையும் பார்த்து நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு, அக்ரிலிக் பெட்டிக்குள் வைத்து மூடி முத்திரையிட்டுத் திருப்பி அனுப்புவார்கள். 80 வாங்கிய பொம்மைக்கும் 90 வாங்கிய பொம்மைக்கும் விலையில் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். பெட்டியைத் திறந்தால் அந்த மதிப்பெண் செல்லாது. வீடியோ கேமிலும் இதே முறை உண்டாம். 2021 ஜூலையில் 9.8 மதிப்பெண் பெற்ற, பிரிக்காத சூப்பர் மாரியோ 64 ஒன்று 15.6 லட்சம் டாலருக்கு ஏலம் போனதாம்.

குன்னூரில் ஒரு தேயிலைத் தரகர் அலுவலகத்தின் டேஸ்ட்டிங் ரூமில் 27 வருடமாக வேலை பார்க்கிறேன். 'கிரேடு' என்ற சொல்லை ஒரு நாளைக்கு நூறு தடவையாவது சொல்லுகிறவன். அதனாலோ என்னவோ, அவன் ஊருக்குத் திரும்பிய பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

முதலில் காரைச் சொல்லிவிடுகிறேன். உள்ளங்கையில் அடங்கும். லிவர்பூலில் பின்ஸ் ரோடு ஃபேக்டரியில் 1950களின் முற்பகுதியில் வார்த்தது. ஜன்னலில் கண்ணாடி கிடையாது, கதவு திறக்காது, ஒரே வார்ப்பு. இந்த மோரிஸைத்தான் நம் ஊரில் ஹிந்துஸ்தான் 14 என்று செய்தார்கள். இதே ஆக்ஸ்ஃபோர்டு குடும்பத்தின் மூன்றாம் சீரிஸிலிருந்து பிறகு அம்பாசடர் வந்தது. காரின் கூரையில் பெயின்ட் அநேகமாக இல்லை, சாம்பல் நிற உலோகம் தெரிகிறது. முன்பக்க இடது சக்கரத்தில் கம்பெனி டயர் இல்லை. சைக்கிள் வால்வ் டியூபை வளையமாக நறுக்கி மாட்டியிருக்கிறது. அடித்தகட்டில் ஆணியால் கீறிய 'மு' என்ற எழுத்து.

அது என் மாமாவின் பெயரில் முதல் எழுத்து. அம்மாவுக்குத் தம்பி. இலங்கையில் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். என் அம்மாயி துரை பங்களாவில் ஆயாவாக இருந்தாள். துரை குடும்பம் சீமைக்குத் திரும்பிப் போனபோது, பிள்ளையின் பழைய சாமான்களை அவளிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். உடைந்த கிலுகிலுப்பை, ஒரு கம்பளிச் சட்டை, இந்தக் கார். அப்போதே ஒரு டயர் இல்லை என்று மாமா சொல்லுவார். லயத்துப் பிள்ளைகள் காரைத் தலைகீழாகக் கவிழ்த்து சிமெண்ட் வாய்க்காலில் சறுக்கவிட்டு விளையாடினார்களாம். கூரையில் பெயின்ட் போனது அப்படித்தான்.

தோட்டத் தொழிலாளர்களில் பலரை இந்தியாவுக்கு அனுப்ப 1964இல் போட்ட சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் இந்தக் குடும்பத்துக்கு எட்டு வருடம் கழித்து வந்து சேர்ந்தது. அட்டனில் ரயில் ஏறினார்கள். அந்த ரயிலுக்கு மலையகத்தில் ஒப்பாரிக் கோச்சி என்று பெயர். பிளாட்பாரத்தில் நிற்பவர்களும் ஏறுகிறவர்களும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுவார்கள். வண்டி நகர்ந்த பிறகும் கையை விடமாட்டார்கள். மாமாவுக்கு அப்போது பத்து வயது. தான் அழவில்லை என்பார். கால்சட்டைப் பையில் கார் இருந்தது, நெரிசலில் அது விழுந்துவிடக் கூடாது என்று வழி முழுக்கக் கையால் பொத்திக்கொண்டே இருந்தாராம். தலைமன்னாரில் ராமானுஜம் கப்பல். ராமேஸ்வரத்தில் இறங்கியதும் மண்டபம் முகாம். முகாமில் பிள்ளைகள் ஏராளம், பொம்மை வைத்திருந்தது இவர் ஒருவர்தான். முதல் நாளே கார் காணாமல் போயிற்று. மறுநாள் வேறொரு பையனிடம் இருந்தது, தன்னுடையது என்று அவன் சாதித்தான். பெரியவர்கள் கூடிப் பஞ்சாயத்துப் பேசி வாங்கிக் கொடுத்தார்கள். அன்று சாயங்காலமே மாமா ஒரு ஆணியைத் தேடி எடுத்துத் தன் எழுத்தைக் கீறிவிட்டார்.

அங்கிருந்து பந்தலூர் பக்கம் அரசுத் தேயிலைத் தோட்டத்துக்கு அனுப்பினார்கள். சிலோனிலிருந்து திரும்பியவர்களுக்காகவே 1968இல் வனத்துறை தொடங்கிய தோட்டம், இன்றைய டான்டீ. அங்கேதான் வால்வ் டியூப் டயர் ஏறியது. ஃபேக்டரி வாசலில் சைக்கிள் ரிப்பேர் செய்துகொண்டிருந்தவர் நறுக்கிக் கொடுத்தாராம். சின்ன வயதில் லீவுக்குப் போகும்போதெல்லாம் மாமா இந்தக் கதையைச் சொல்லுவார். சொல்லும்போது ஒவ்வொரு இடத்தையும் விரலால் தொட்டுக் காட்டுவார். கூரையைத் தொட்டால் அட்டன் வாய்க்கால், எழுத்தைத் தொட்டால் மண்டபம், டயரைத் தொட்டால் பந்தலூர்.

தம்பி மகன் சொன்ன கணக்குப்படி, இந்த மூன்று இடத்திலும்தான் மதிப்பெண் குறையும்.

இன்னொரு விஷயத்தையும் அவன்தான் சொன்னான். பெட்டி இருந்தால் விலையே வேறு. ஆனால் அந்தக் காலத்து டிங்கி கார்களுக்குத் தனித்தனிப் பெட்டி கிடையாது. ஆறு கார் ஒரு அட்டைப்பெட்டியில் கடைக்கு வரும், கடைக்காரர் ஒவ்வொன்றாக எடுத்து விற்பார். தனிப்பெட்டி பின்னால்தான் வந்தது. மாமாவின் கார் கடையிலிருந்து ஏதோ ஒரு பிள்ளையின் கைக்கு நேராகப் போயிருக்கிறது.

கிரேடிங் எனக்குப் பகை கிடையாது. எனக்குச் சோறு போடுவதே அதுதான். குன்னூரில் 1963 முதல் ஏலம் நடக்கிறது. வியாழனும் வெள்ளியும் விற்பனை. அதற்கு முன்னால் சாம்பிள்கள் வந்து டேஸ்ட்டிங் ரூமில் வரிசையாக உட்காரும். பிபி, பிஎஃப், பிடி, எஸ்ஆர்டி, ஆர்டி. வெளியாட்கள் இந்த எழுத்துகளை ருசிக்கான மதிப்பெண் என்று நினைக்கிறார்கள். ஃபேக்டரியில் சல்லடை போட்டுப் பிரித்த அளவைத்தான் அவை சொல்லும். கடைசியில் வரும் 'டி' டஸ்ட்டைக் குறிக்கும். டஸ்ட் என்றால் மட்டம் என்று அர்த்தமே இல்லை. தமிழ்நாட்டு டீக்கடைக்காரர் தேடி வாங்குவது டஸ்ட்டைத்தான், அதில்தான் சாயம் இறங்கும்.

ருசியைப் பார்க்கக் காய்ச்சித்தான் ஆக வேண்டும். 100 மில்லி தண்ணீருக்கு 2 கிராம் தூள், 6 நிமிடம் என்று சர்வதேசத் தர அமைப்பே வகுத்து வைத்திருக்கிறது. மூடிபோட்ட வெள்ளைக் கோப்பை, வெள்ளைக் கிண்ணம், பக்கத்தில் ஊறிய இலை. டேஸ்ட்டர் கரண்டியால் அள்ளிச் சர்ரென்று உறிஞ்சுவார், அண்ணத்தில் அடித்துத் துப்புவார், ஒரே ஒரு சொல் சொல்லுவார். பக்கத்தில் நிற்கிறவன் எழுதிக்கொள்ள வேண்டும். வரிசை முடிந்ததும் கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்துவிடுவோம். அந்தத் தீர்ப்புக்கு ஆயுசு ஒரு வாரம். அடுத்த வாரம் அதே ஃபேக்டரியிலிருந்து வேறு இன்வாய்ஸ் வரும், வேறு மழையில் பறித்த கொழுந்து வரும், மறுபடி முதலிலிருந்து பார்ப்போம். எத்தனை பெரிய தோட்டமானாலும் போன வருட மார்க்கைக் காட்டி இந்த வருடம் விற்க முடியாது. குடித்துப் பார்த்துச் சொல்லுகிற தீர்ப்பு என்பதால்தான் இத்தனை வருடம் கழித்தும் எனக்கு அதன்மேல் மதிப்பு இருக்கிறது.

பொம்மைக்குப் போடும் மதிப்பெண்ணின் பூர்வீகம் என்ன என்று தேடிப் பார்த்தேன். பொம்மைக்கு முன்னால் காமிக்ஸ், பேஸ்பால் அட்டை, எல்லாவற்றுக்கும் முன்னால் காசு. 1949இல் வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்கர் பழைய செம்புக் காசுகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதி, அதில் 1 முதல் 70 வரை ஓர் அளவுகோலைக் கொடுத்தார். 70 ஏன் என்றால், தேய்ந்துபோன அடிமட்டக் காசின் விலையைப் போல் 70 மடங்கு விலை பெறுவது தேயாத காசு என்பது அவர் கணக்கு. ஆக, அந்த எண் பிறந்ததே விலைப்பட்டியலாகத்தான். நாணயச் சந்தை இன்றும் அந்த 70ஐ வைத்துத்தான் நடக்கிறது.

இந்த ஷெல்டன் தொழிலால் உளவியலாளர். மனித உடம்பை மூன்று வகையாகப் பிரித்து, ஆளுக்கு ஆள் ஒவ்வொன்றிலும் ஒன்று முதல் ஏழு வரை மார்க் போட்டு, அதை வைத்துக் குணத்தைச் சொல்லிவிடலாம் என்றவர். பெரிய பெரிய கல்லூரிகளின் மாணவர்களை ஆடையில்லாமல் நிறுத்திப் படம் எடுத்து ஆராய்ச்சி நடத்தியவர். 1977இல் இறந்தார். பிறகுதான் இன்னொன்று வெளிவந்தது: அமெரிக்க நாணயவியல் கழகத்தின் தொகுப்பிலிருந்த நல்ல காசுகளைத் தான் எடுத்துக்கொண்டு, அவற்றின் இடத்தில் மட்டமான காசுகளை வைத்திருக்கிறார். அளவுகோலைக் கொடுத்தவரே செய்த காரியம். இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. தோட்டத்தில் ஆள் எடுக்கும்போது கையை நீட்டச் சொல்லிப் பார்த்ததை என் அம்மாயி சொல்லியிருக்கிறாள். அவளுக்கும் யாரோ ஒருவர் மனதுக்குள் ஓர் எண் போட்டுத்தான் இருப்பார்.

மூடி வைத்தால் பொம்மை பத்திரமாக இருக்கும் என்கிறார்கள். அதுவும் முழு உண்மை ஆகாது. டிங்கி கார்கள் துத்தநாகக் கலவையில் வார்த்தவை. இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய வார்ப்புகள் பலவற்றில் ஈயம் கலந்துபோனதால் உள்ளுக்குள்ளேயே நோய் பிடித்தது. வெளியே பளபளவென்று இருக்கும், வருடங்கள் கழித்து விரிசல் விடும், கடைசியில் பிஸ்கட் போல உதிரும். எந்தக் கண்ணாடிப் பெட்டியும் அதைத் தடுக்காது. மாமாவின் கார் போருக்குப் பின் வந்தது, தப்பித்தது.

மூடி வைக்காமலே பிழைத்திருப்பதற்கு எங்கள் மலை ரயிலை நினைத்துக்கொள்கிறேன். டூரிஸ்டுகள் அதை டாய் ட்ரெயின் என்கிறார்கள், எங்களுக்கு அந்தச் சொல் பிடிக்காது. பல் சக்கரம் கடித்து ஏறும் அந்த எக்ஸ் கிளாஸ் என்ஜின்கள் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் செய்தவை. தேய்ந்த பாகங்களைக் கழற்றி மாற்றி, பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் அதே மாதிரியில் புது என்ஜினே செய்து, 1899இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறிய பாதையில் இன்றும் வண்டி ஏறுகிறது. 2005இல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம் என்று அறிவித்தது ஓடிக்கொண்டிருக்கும் இந்த ரயிலைத்தான்.

தம்பி மகனுக்கு நேற்று போனில் என் பதிலைச் சொன்னேன். முகம் தெரியாத ஒருவருக்குத் தூரத்திலிருந்து விற்கப் போகிறாய் என்றால் கிரேடிங் செய்துகொள். போலிப் பெட்டியும் மறு பெயின்டும் மலிந்த சந்தையில், வாங்குகிறவனுக்கு அது நியாயமான பாதுகாப்பு. வாங்குகிற ஆள் எதிரே உட்கார்ந்து கையில் எடுத்துப் பார்க்க முடிகிறபோது அது வீண் செலவு. வீட்டில் வைத்துக்கொள்ளப் போகிற பொம்மைக்கு வேண்டவே வேண்டாம். மாமாவின் காரை நான் அனுப்பமாட்டேன். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம் என்பதால் கைக்குழந்தைகளுக்கு மட்டும் தருவதில்லை. மற்றபடி வீட்டுக்கு வருகிற யாரும் எடுத்துப் பார்க்கலாம்.

மதிப்பெண் அட்டைக்குப் பதிலாக ஒரு முழுத்தாளில் நான் எழுதத் தொடங்கியிருக்கிறேன். வாய்க்கால், கோச்சி, கப்பல், முகாம், சைக்கிள் கடை எல்லாம் எழுதிவிட்டேன். பங்களாவின் பெயர் என்ன, அந்தத் துரை வீட்டுப் பிள்ளை ஆணா பெண்ணா என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. இத்தனை தடவை கதை கேட்டும் இதை நான் மாமாவிடம் கேட்டதே இல்லை. அம்மாயி போய்ப் பல வருடம் ஆகிறது. அம்மாவுக்கு நினைவில்லை.

உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியின் அடியிலும் இப்படி ஒன்று கிடக்கலாம். தலையாட்டிப் பொம்மையோ, கொலுப்படியில் மூக்கு உடைந்து ஓரமாக நிற்கும் செட்டியாரோ, ஒரு கால் போன மரக்குதிரையோ. அது யாருடையது, எப்படி வந்தது, எங்கே உடைந்தது என்று தெரிந்தவர் ஒருவராவது இன்னும் இருப்பார். இந்த வாரமே போய்க் கேட்டு எழுதி வைத்துவிடுங்கள். மாமா தவறி மூன்று வருடம் ஆகிறது.