ரூபாய்க்குள் இருந்த பதினாறு

0.8125 என்ற எண்ணை இருநிலைக்கு மாற்றச் சொன்னால், திருப்பத்தூரில் என்னிடம் படிக்கும் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பாடப்புத்தக வழியில் சரியாகச் செய்துவிடுவார்கள். இரண்டால் பெருக்கு, முழு எண்ணை எடுத்து வை, மிச்சத்தை மறுபடி பெருக்கு. 1, 1, 0, 1 என்று விடை வரும். அதோடு விட எனக்கு மனம் வராது. அதையே பழைய ரூபாயில் சொல்லுங்கள் என்பேன். ரூபாய்க்குப் பதினாறு அணா என்பதால் பதின்மூன்று அணா. அரை உண்டு, கால் உண்டு, அரைக்கால் இல்லை, வீசம் உண்டு: 1101. பதினாறுநிலையில் 'டி' என்ற ஒற்றை எழுத்து. நம் பெரியவர்கள் இன்றும் சொல்லும் முக்காலே மூணு வீசம் பதினைந்து அணா. அது 1111, அதாவது 'எஃப்'.

அரை, கால், அரைக்கால், வீசம் எல்லாம் முந்தியதில் பாதி பாதியாக இறங்குபவை. எண்சுவடி என்ற வாய்பாட்டு நூலில் இவற்றைப் பெருக்கிப் பெருக்கி மனப்பாடம் செய்த பிள்ளைகள்தாம் செட்டிநாட்டிலிருந்து கப்பலேறி வட்டிக்கடைகளில் பெட்டியடிப் பையன்களாக, அதாவது தொழில் பழகும் உதவியாளர்களாக, உட்கார்ந்தார்கள். ரங்கூனில் ரூபாய்க்குப் பதினாறு அணா. கொழும்பிலோ 1872 முதல் ரூபாய்க்கு நூறு சதம். பினாங்கில் டாலருக்கு நூறு சென்ட். அணா ஊரிலும் சத ஊரிலும் வரவு செலவு வைத்திருந்த கடையில் பதினாறையும் நூறையும் மாற்றி மாற்றி எழுதித்தான் ஆக வேண்டும். நாம் இன்று நிரலாக எழுதுவதை அவர்கள் தலைக்குள்ளேயே ஓட்டினார்கள். அந்தத் திறமை மேல் எனக்குத் தீராத மரியாதை.

1957 ஏப்ரல் 1-இல் இந்தியாவிலும் ரூபாய்க்கு நூறு என்று நயா பைசா வந்தது. ஓர் அணா 6.25 பைசா, காற்பைசாவுக்கு நாணயம் ஏது? அணாவுக்கு ஆறு, மூன்றணாவுக்குப் பத்தொன்பது, நாலணாவுக்கு இருபத்தைந்து என்று ஏற்றியும் இறக்கியும் சரிக்கட்டினார்கள். கணினியில் இதே சிக்கல் தலைகீழாக வருகிறது. பத்து பைசாவை, அதாவது 0.1-ஐ, இருநிலையில் எழுதினால் 0.000110011 என்று முடிவே இல்லாமல் போகும். அதனால்தான் பல நிரல்மொழிகளில் 0.1-உம் 0.2-உம் கூட்டினால் 0.30000000000000004 என்று விடை வருகிறது. பணத்தைக் கையாளும் நிரலில் ரூபாயைப் பின்னமாக வைக்காதீர்கள், பைசாவாக்கி முழு எண்ணாக வையுங்கள் என்று நான் பிள்ளைகளிடம் அழுத்திச் சொல்வது இதற்காகத்தான்.

பழைய கணக்கில் அணாவுக்குள் பன்னிரண்டு பை வைத்திருந்தார்களே, அதையும் கவனிக்க வேண்டும். ஒரு ரூபாயை மூன்று பங்காளிகள் பிரித்தால் நூறு பைசாவில் ஒன்று மிஞ்சும், பதினாறுநிலையில் 0.555 என்று நீளும். அணா கணக்கில் ஆளுக்கு ஐந்தணா நாலு பை. மிச்சமே இல்லை.