இரப்பர், செம்பனை, ஒரு சிறு புதர்



"அயல்நாட்டுத் தாவரங்கள் நம் காடுகளுக்குக் கேடு விளைவிக்கும்." வெண்பலகையில் எழுதுவதற்கு எளிய வாக்கியந்தான். ஆனால், ஜொகூரில் ஒரு தமிழ்ப்பள்ளியின் வகுப்பறையில் நின்றுகொண்டு அதனை அப்படியே சொல்லிவிட்டு அடுத்த பாடத்திற்குப் போய்விட முடிவதில்லை. சென்ற தவணையில் மாணவி ஒருத்தி எழுந்து, "ஐயா, அப்படியென்றால் நாமும் வந்தேறிகள்தானே?" என்று கேட்டாள். பெண்டாத்தாங் என்ற சொல்லை அவள் எங்கோ கேட்டிருக்கிறாள். பதினோரு வயதில் அச்சொல்லைக் கேளாத தமிழ்ப் பிள்ளை இந்நாட்டில் இருக்குமா என்பது ஐயமே.

ஆகவே, இப்பாடத்தைச் சரியாகச் சொல்ல வேண்டிய கடமை மற்றவர்களைவிட நமக்குச் சற்று மிகுதி என்று கருதுகிறேன்.

முதலில் இரப்பரை எடுத்துக்கொள்வோம். நம் பாட்டன் பாட்டிகள் பால் வெட்டிய மரம் பிரேசிலில் பிறந்தது. 1876இல் ஏறத்தாழ 70,000 விதைகள் அங்கிருந்து இலண்டனின் கியூ தாவரவியல் பூங்காவிற்குக் கொண்டு செல்லப்பட்டன. முளைத்தவற்றுள் 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூரை வந்தடைந்தன. மலாயாவில் அது செழித்தது. ஆனால் பிறந்த அமேசான் மண்ணிலேயே தோட்டப்பயிராக அது நிலைக்கவில்லை. ஹென்றி ஃபோர்டு 1928இல் அமேசான் காட்டிடையே பெரும் இரப்பர்த் தோட்டம் தொடங்கினார். 1945இல் அவருடைய நிறுவனம் அதனை விற்றுவிட்டு வெளியேறியது. அம்மரத்தோடு காலங்காலமாக வாழ்ந்துவரும் ஒரு பூஞ்சை, இலைக்கருகல் நோயாகப் பரவித் தோட்டத்தை அழித்தது முக்கியக் காரணம். அந்தப் பூஞ்சை கப்பலேறி இங்கு வந்துவிடவில்லை. மலாயாவில் இரப்பர் பெற்ற வாழ்வு, பகைவனைப் பின்னால் விட்டுவந்தவனின் வாழ்வு.

இந்த ஒன்றை மாணவர்கள் புரிந்துகொண்டால் மற்றவை தாமே விளங்கும்.

காட்டுப் பாதையோரங்களில் செண்டுடுக் செடியைப் பார்த்திருப்பீர்கள். ஊதாப் பூ பூக்கும். பழத்தைத் தின்றால் நாக்கு கறுக்கும். அது இம்மண்ணின் செடி. அதற்குத் தூரத்து உறவான மற்றொரு புதர் உண்டு. இலையெங்கும் மயிர் அடர்ந்து, சிறு வெண்பூக்களும் கருநீலப் பழங்களும் கொண்டது. மலாய்க்காரர்கள் அதனைச் செண்டுடுக் பூலு என்பர். அறிவியல் பெயர் கிளிடேமியா ஹிர்ட்டா. வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்தது. தாயகத்தில் அது வெட்டவெளியில் வளரும் செடி, காட்டின் நிழலுக்குள் நிலைப்பது அரிது. ஏன் என்று ஆய்வாளர்கள் கோஸ்டாரிகாவிலும் ஹவாயிலும் நட்டுப் பார்த்தனர். கோஸ்டாரிகாவின் காட்டு நிழலில் பூச்சிக்கொல்லியும் பூஞ்சைக்கொல்லியும் தெளித்தபோது அது கூடுதலாகப் பிழைத்தது. ஹவாயில் தெளித்தாலும் தெளிக்காவிட்டாலும் வேறுபாடு இல்லை. அங்குக் காட்டு நிழலில் அதனை அடக்கும் பகை இல்லையே! 2004இல் இவ்வாய்வு வெளிவந்தது.

நம் நாட்டிலோ அப்புதர் நெகிரி செம்பிலானிலுள்ள பாசோ வனக்காப்பகத்தின் உட்பகுதிக்கே சென்றுவிட்டது. வெட்டப்படாத பழங்காடு அது. 50 எக்டர் நிலத்தில் மரங்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பெயரிட்டு, 1980களிலிருந்து கண்காணித்து வருகிறார்கள். மூடிய காட்டுக்குள் அயற்செடி எளிதில் நுழையாது என்ற நம்பிக்கையை அங்கு கண்டது அசைத்துவிட்டது.

கதவைத் திறந்துவிட்டது யார்? இங்கேதான் செம்பனை வருகிறது. மேற்கு ஆப்பிரிக்காவின் மரம். பாசோவைச் சூழ்ந்திருப்பவை பெரும்பாலும் செம்பனைத் தோட்டங்கள். இரவில் காட்டுப்பன்றிகள் தோட்டத்திற்குச் சென்று உதிர்ந்த பழங்களைத் தின்கின்றன, பகலில் காட்டுக்குத் திரும்புகின்றன. ஆண்டு முழுதும் விருந்து கிடைத்தால் குட்டிகள் பெருகாமல் என்ன செய்யும்? குட்டி ஈனும் காலத்தில் தாய்ப்பன்றி இளங்கன்றுகளை ஒடித்தும் பிடுங்கியும் கூடு அமைக்கும். ஒரு கூட்டிற்கு நூற்றுக்கணக்கான கன்றுகள்! 24 ஆண்டுத் தரவுகளைக் கொண்டு 2017இல் வெளியான ஆய்வு, பாசோவில் இளங்கன்றுகளின் அடர்த்தி 62 விழுக்காடு குறைந்ததாகக் கூறுகிறது. ஒரு செம்பனைக் கன்றுகூடக் காட்டுக்குள் முளைக்க வேண்டியதில்லை, தோட்டத்தில் நின்றபடியே அது காட்டை மாற்றுகிறது. பன்றி கிளறிய இடத்திலும், ஒளி விழும் இடைவெளியிலும் அமெரிக்கப் புதர் வேரூன்றுகிறது. ஜொகூரில் காட்டின் எல்லை எங்கெல்லாம் செம்பனையைத் தொடுகிறதோ, அங்கெல்லாம் இதே கேள்வியை நாம் கேட்டாக வேண்டும்.

இதைச் சொல்லும்போது செம்பனையைப் பழித்துவிட எனக்கு மனம் வருவதில்லை. என் தாயார் குளுவாங் வட்டாரத் தோட்டமொன்றில் செம்பனைப் பூக்களுக்குக் கையால் மகரந்தம் தூவும் வேலை செய்தவர். முள் குத்திய தழும்புகள் இன்றும் அவர் கைகளில் உண்டு. அவ்வேலையை ஒழித்ததும் ஓர் அயல் உயிர்தான். கேமரூனிலிருந்து ஒரு சிறு கூன்வண்டு தருவிக்கப்பட்டு, 1981இல் குளுவாங்கில் விடப்பட்டது. மகரந்தச் சேர்க்கையை அது தானே பார்த்துக்கொண்டது. கவனிக்க வேண்டியது என்னவென்றால், அதை வெறுமனே கொண்டுவந்து விட்டுவிடவில்லை. செம்பனையை அன்றி வேறு பயிர்களில் அது பெருகுமா, நோயைச் சுமந்து வருமா என்று முன்னரே சோதித்தார்கள். கிளிடேமியாவை எவரும் அப்படிச் சோதிக்கவில்லை.

அம்மாணவிக்கு நான் சொன்னதும் இதுதான். எங்கிருந்து வந்தது என்பது வினாவன்று. வந்த இடத்தில் அதைக் கட்டுப்படுத்த எது இருக்கிறது, அதற்கு வழி திறந்தவர் யார் என்பனவே வினாக்கள். செடிக்குரிய இந்தக் கணக்கு மனிதருக்குப் பொருந்தாது. மனிதர் எல்லாரும் ஒரே இனம். வந்தேறி என்ற சொல்லை நான் தாவரப் பாடத்திலும் எழுதுவதில்லை, "கட்டுக்கடங்காமல் பரவும் இனம்" என்றே எழுதுகிறேன். சற்று நீளம்தான், ஆயினும் பிள்ளைகள் பழகிக்கொண்டார்கள்.

பெற்றோர்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டில் மிஞ்சிய அலங்காரச் செடிகளையும் மீன்தொட்டிப் பாசிகளையும் காட்டோரத்திலோ ஓடையிலோ கொட்டாதீர்கள். சாரணர் முகாமுக்குக் குனோங் லேடாங்கிற்கோ எண்டாவ் ரொம்பினுக்கோ பிள்ளைகளை அனுப்பும்போது, காலணியின் அடியில் ஒட்டிய சேற்றை முதல்நாளே கழுவச் சொல்லுங்கள். கிளிடேமியாவின் ஒரு பழத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட விதைகள், ஒவ்வொன்றும் மணலைவிடப் பெரிதன்று. சேற்றைத் துடைக்கப் பழைய பல்துலக்கி ஒன்று போதும்.